பரீட்சையில் மட்டும் பாஸாகும் பெட்டி

அத்தியாயம் ஐந்து

"பிளக்கைப் பிடுங்குங்க," என்றாள் சித்தி.

வீட்டுக்காரர் குனிந்து பிடுங்கினார். மேசைக்கு அடியில் இருந்த யூ.பி.எஸ். பெட்டி ஒரு முறை 'பீப்' என்றது. சற்றுப் பொறுத்து இன்னொரு முறை. மேசை மேல் இருந்த கம்ப்யூட்டர் அதைச் சட்டையே செய்யவில்லை. திரையின் முகப்புப் படமாக இருந்த திமிங்கிலம், 'இதற்குத்தானா வந்தீர்கள்' என்பதுபோல எங்களைப் பார்த்தது. எல்லோரும் வாயைத் திறக்காமல் நின்றதில் சுவர்க் கடிகாரத்தின் சத்தம் மட்டும் கேட்டது.

வீட்டுக்காரர் பிளக்கை மறுபடி சொருகிவிட்டு நிமிர்ந்தார். இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துகளை மதிப்பிடும் வேலை அவருக்கு. எந்தப் பொருளைப் பார்த்தாலும் அது எப்படி உடையும் என்பதுதான் முதலில் அவர் கண்ணுக்குத் தெரியும் போலிருக்கிறது.

"பாத்தீங்கல்ல மேடம். நாம சோதிச்சா நூத்துக்கு நூறு. நிஜமா கரண்ட் போனா முட்டை. மூணு தடவை ஆயிடுச்சு. ஒரு பெட்டி ஆள் பாத்து நடந்துக்குமா? இதுக்குப் பின்னால ஒரு மனுஷன் இருக்கான்."

"மனுஷன்னு பொதுவா சொல்றீங்களா, மச்சான்னு குறிப்பா சொல்றீங்களா?" என்றாள் சித்தி.

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தார்.

அந்த மனைவிதான் எங்களைக் கூப்பிட்டவர். அனிமேஷன் படம் செய்கிறவர். ஒரு அருங்காட்சியகத்தின் புதிய கடல் கூடத்துக்குத் திமிங்கிலப் படம் ஒன்று செய்துகொண்டிருந்தார். நாளைக் காலை ஒப்படைக்க வேண்டும். எல்லாம் முடிந்து கடைசிக் காட்சி மட்டும் பாக்கி. திமிங்கிலம் துள்ளி விழ, கடல் உடைந்து சிதற வேண்டும். அந்தத் தண்ணீரைக் கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு உண்டாக்கும். அதற்கு அது இன்று மாலை தொடங்கி விடியும்வரை நிற்காமல் ஓட வேண்டும். நடுவில் அணைந்தால் முதலில் இருந்து.

அந்தப் பகுதியில் மின்சாரம் இமை கொட்டுவதுபோல அடிக்கடி போய் வரும். அதற்காகத்தான் யூ.பி.எஸ். வாங்கினார்கள். வாங்கிய புதிதில் நன்றாகத் தாங்கியது. போன மாதத்தில் இருந்துதான் இந்தக் கூத்து. மின்சாரம் இமைத்த அதே நொடியில் கம்ப்யூட்டரும் கண்ணை மூடிவிடுகிறது. மூன்று தடவையும் வீட்டில் இருந்தவர்கள் அனிமேட்டரும் அவருடைய தம்பியும் மட்டும்.

கடைக்குப் போய் அந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுத்ததும் தம்பிதான். அக்காவின் படங்களுக்கு ஒலி அமைப்பவன் அவன். எனக்கு அவன் தம்பி இல்லை, என்னைவிட மூத்தவனாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் அவனை வேறு எப்படியும் யாரும் கூப்பிடவில்லை.

"சண்டை வந்தது போன மாசம்," என்றார் வீட்டுக்காரர். "கடைசிக் காட்சிக்கு அவன் போட்ட இசையை இவ வேண்டாம்னுட்டா. பெட்டி கால வாரினதும் போன மாசம். நான் கூட்டிக் கழிச்சுப் பாத்தேன். நேத்து கேட்டுட்டேன்."

"என்னன்னு கேட்டீங்க?"

"எதுக்குடா மெஷின் பிளக்கைப் பிடுங்கறேன்னு."

"நாசூக்கா கேட்டிருக்கீங்க," என்றேன் நான். சித்தி என்னைப் பார்த்த பார்வையில், அதை மனசுக்குள் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. எனக்கு எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் தோன்றும்.

தம்பி பையைக் கட்டிவிட்டானாம். சாயங்காலம் பஸ். இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

அனிமேட்டர் அப்போதுதான் வாய் திறந்தார். "படம் போனா இன்னொண்ணு செஞ்சுக்கலாம்மா. அவன் செஞ்சானா இல்லையான்னே தெரியாம பஸ் ஏத்தி விட்டுட்டேன்னா, அதுக்கு மருந்தே கிடையாது. சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க. எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

சித்தி தலையாட்டிவிட்டு அறையைச் சுற்றி வந்தாள். இருபது வருஷமாகத் துப்பறிகிறாள். பூதக்கண்ணாடி கிடையாது, தொப்பி கிடையாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாடகைக்கு வீடு பார்க்க வந்தவள் மாதிரி நடப்பாள். அக்கா மகள் என்பதால் என்னை வேலைக்கு வைத்துக்கொண்டாள். அலுவலகத்தில் 'மேடம்' என்று கூப்பிட வேண்டும் என்பது அவளுடைய ஒரே நிபந்தனை. நான் அதை ஒரு நாள்கூடக் காப்பாற்றியதில்லை.

சுவரில் ஒரு அட்டை தொங்கியது. கொட்டை எழுத்தில்: முதலில் சேமி. பிறகு மூடு. அதன் பிறகே தொடு.

"இது யாரு எழுதினது?"

"நான்தான்," என்றார் வீட்டுக்காரர், சற்றுப் பெருமையோடு. "ஒரு தடவை ஒயரை இடறிட்டேன். இவ ஒரு வாரம் என்கிட்ட பேசல. அதுல இருந்து வீட்டு சட்டம் இது. வேலைய சேமிச்சு, எல்லாத்தையும் மூடாம இந்த மேசைப் பக்கம் துடைப்பம்கூட வரக்கூடாது."

உண்மைதான். சற்று முன் பிளக்கைப் பிடுங்குவதற்கும் அப்படித்தான் நடந்தது. அனிமேட்டர் ஒவ்வொன்றாகச் சேமித்து, ஒவ்வொன்றாக மூடி, இனி ஒன்றும் ஓடவில்லை என்று இரண்டு தரம் பார்த்த பிறகுதான் எங்களை நெருங்கவே விட்டார்.

கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒரு சாம்பல் நிறப் பூனை சுருண்டு கிடந்தது. எனக்கு உடனே ஒரு யோசனை வந்தது.

"சித்தி, பூனை காலால பெட்டி சுவிட்ச மிதிச்சிருந்தா?"

"கரண்ட் போற நேரம் பாத்தா?"

"சும்மா ஒரு இதுக்குச் சொன்னேன்."

சித்தி பூனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது எப்பவும் இங்கதானா?"

"முன்னாடி என் மடியிலதான் கிடக்கும்," என்றார் வீட்டுக்காரர். "ஒரு மாசமா இங்க. அதுவும் இவ கட்சிக்குப் போயிடுச்சு."

"பெட்டி மேல கறுப்பு டேப் ஒட்டியிருக்கே?"

"நான் ஒட்டினது," என்றார் அனிமேட்டர். "அதுல ஒரு ஆரஞ்சு விளக்கு. வேலை செய்யும்போது மினுக் மினுக்குன்னு கண் ஓரத்துல படும். கண்ணு வலிக்குதுன்னு மூடிட்டேன்."

சித்தி 'ம்' என்றாள். அவளுடைய 'ம்' எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். எதில் விஷயம் இருக்கிறது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

வாசல்வரை வந்த வீட்டுக்காரர் குரலைத் தணித்தார். "அவன் ரூம்ல ஒரு பாட்டரி இருக்கு மேடம். கறுப்பா, சதுரமா. பெட்டிக்குள்ள இருக்கற மாதிரியே. நல்ல பாட்டரிய எடுத்துட்டு செத்த பாட்டரிய போட்டுடறான். நாம சோதிக்கும்போது திரும்ப மாத்திடறான்."

"அப்போ கரண்ட் எப்ப போகும்னு அவருக்கு முன்கூட்டியே தெரியணுமே."

"மின்சார ஆபீஸ்ல ஆள் வச்சிருப்பாரு சித்தி," என்றேன். "நமக்கும் அறிமுகப்படுத்தி வைக்கச் சொல்லணும். நம்ம ஆபீஸ்ல மத்தியானம் ஆனா ஃபேன் நிக்குது."

சித்தி சிரிக்கவில்லை. ஆனால் பாட்டரியைப் பார்க்கத்தான் போனோம்.

*

தம்பியின் அறை அடுத்த அறைதான். சுவர் முழுக்கப் பழைய மெத்தை விரிப்புகள் தொங்கின. உள்ளே போனதும் என் குரலே எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுபோல இருந்தது. கதவோரம் பெரிய பை. அதன் பக்கத்தில் உட்கார்ந்து தம்பி ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"வாங்க. கைரேகை மட்டும் போதுமா, காலும் சேத்து வேணுமா?"

"முதல்ல பாட்டரி," என்றாள் சித்தி.

அவன் காலாலேயே காட்டினான். ஒரு ஸ்பீக்கருக்குப் பின்னால் இருந்தது. சதுரம்தான், கறுப்புதான். ஆனால் மதிய உணவு டப்பா அளவுதான் இருந்தது. ஸ்பீக்கரோடு ஒயரால் பிணைந்து, மேலே தூசி படிந்திருந்தது.

"இத அந்தப் பெட்டிக்குள்ள போட்டா, நாலு பக்கமும் இடம் விட்டு உள்ள உருண்டு விளையாடும். மாமா இன்சூரன்ஸ்ல விபத்த மதிப்பிடறவரு. ஒரு அளவு நாடா எடுத்துட்டு வந்திருக்கலாம்."

"மூணாவது தடவை கரண்ட் போனப்ப எங்க இருந்தீங்க?"

"இங்கதான். திமிங்கிலமா இருந்தேன்."

சித்தி புருவத்தை உயர்த்தினாள். அவன் மூலையில் இருந்த காலித் தண்ணீர் கேனை எடுத்து, அதன் வாயில் வாய் வைத்து நீளமாக மூச்சு விட்டான். அறை முழுக்க ஒரு பெரிய உயிர் வந்து நின்றதுபோல இருந்தது. எனக்கு நிஜமாகவே கை சிலிர்த்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "கேனைக் கழுவினீங்களா?" என்று கேட்டேன்.

"படத்துல திமிங்கிலம் விடற மூச்செல்லாம் என்னுது. அத ரெக்கார்ட் பண்ணும்போதுதான் கரண்ட் போச்சு. ரெக்கார்டர்ல தனி பாட்டரி, அது நிக்கல. கேக்கறீங்களா?"

போட்டான். முதலில் மூச்சு. நீளமான, ஈரமான மூச்சு. அதற்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கத்தில் இருந்து, ஏதோ ஊளையிடுவதுபோல ஒரு சத்தம் இடைவிடாமல் வந்துகொண்டே இருந்தது. மூச்சு, ஊளை, மூச்சு, ஊளை. திடீரென்று ஊளை அறுந்தது. ஒன்றுமே இல்லாத அமைதி. பிறகு அடுத்த அறையில் இருந்து அக்காவின் குரல்: "போச்சு."

அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் தம்பி ரெக்கார்டரை நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்த்தான்.

"அந்த ஊளை என்னது?" என்றாள் சித்தி.

"அக்கா மெஷினு. உள்ள விசிறிங்க சுத்தற சத்தம். தண்ணிக் கணக்கு ஓடும்போது இப்படித்தான் கத்தும். முன்னாடி இவ்வளவு இல்ல. ஒரு மாசமா என் உசிர வாங்குது. எத்தனை விரிப்பு தொங்கவிட்டாலும் உள்ள வந்துடுது."

"ஏன்னு போய்ப் பாக்கலயா?"

"சண்டைக்கு அப்புறம் அந்த ரூம்ல நான் கால் வைக்கல." மறுபடி ஒயரை எடுத்துச் சுருட்டிக்கொண்டே சொன்னான்: "கால் வைக்காமலே இந்தப் பேரு. வச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

சித்தி என் பக்கம் திரும்பினாள். "நாம அந்த ரூம்ல நின்னு பிளக்கைப் பிடுங்கினப்ப உனக்கு என்ன சத்தம் கேட்டுச்சு?"

யோசித்தேன். தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று இன்னொரு தரம் யோசித்தேன். "பீப். அப்புறம் கடிகாரம்."

"கடிகாரம்," என்றாள் சித்தி. செருப்பை மாட்டிக்கொண்டாள். "வா, கடைக்குப் போவோம்."

*

கடை ஒரு ஆள் அகலம்தான் இருந்தது. இரண்டு பக்கமும் கூரைவரை யூ.பி.எஸ். பெட்டிகள். நடுவில், ஒரு பெட்டியின் மேலேயே, கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு. அவரை நகர்த்தாமல் எதையும் வாங்க முடியாது.

"அந்தப் பையனா? நல்லா ஞாபகம் இருக்கு," என்றார். "இங்க வர்றவங்க பெட்டியில இருக்கற பெரிய எழுத்த மட்டும் பாப்பாங்க. ஆயிரம்னு போட்டிருக்கு, குடுங்கம்பாங்க. அந்தப் பையன் கவுத்துப்போட்டு அடியில இருக்கற சின்ன எழுத்தப் படிச்சான்."

"சின்ன எழுத்துல என்ன இருக்கும்?"

"அறுநூறு வாட். அதுதான் அந்தப் பெட்டி நிஜமா தூக்கற கனம். ஆயிரம்னு போட்டிருக்கறது வேற கணக்கு. கேக்க நல்லா இருக்கும், அவ்வளவுதான்." அவர் உட்கார்ந்திருந்த பெட்டியைத் தட்டிக்காட்டினார். "இன்னொண்ணு. எல்லாரும் என்கிட்ட கேக்கறது, எவ்வளவு நேரம் தாங்கும்? அவன் கேட்டது, எவ்வளவு கனம் தாங்கும்? கனமே தாங்கலன்னா நேரத்த வச்சு என்ன பண்றது? கூலியாள் தலையில ஏத்தினதுமே உக்காந்துட்டான்னா, அவன் எவ்வளவு தூரம் நடப்பான்ங்கற பேச்சே இல்லையே."

"அக்கா மெஷின் எவ்வளவு இழுக்கும்னு சொன்னாரு?"

"முழு வேகத்துல ஓடினா முந்நூத்தம்பது. அறுநூறுல முந்நூத்தம்பது. கொஞ்சம் மிச்சமும் இருக்கட்டும்னு வாங்கினான். சரியான ஆளு."

நான் கூட்டிப் பார்த்தேன். "அப்போ வாங்கினவரும் சரி. வித்தவரும் சரி. பெட்டியும் சரி. எல்லாரும் உத்தமங்க. சித்தி, நாம வீட்டுக்குப் போயிடலாம்."

"நானே ஒரு நடை போய்ச் சோதிச்சும் பாத்தேன்மா," என்றார் கடைக்காரர். "அந்தம்மா எல்லாத்தையும் நிதானமா மூடினாங்க. டீ குடுத்தாங்க. அப்புறம், இப்ப பிடுங்குங்கன்னாங்க. பிடுங்கினேன். பெட்டி பாறை மாதிரி நின்னுச்சு. என்னதான் குறைன்னு எனக்கும் தெரியல."

"டீ நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு."

"அதுதான் குறை," என்றாள் சித்தி. "ஒரு மீட்டர் இருக்குமே, நடுவுல சொருகினா எவ்வளவு கரண்ட் இழுக்குதுன்னு காட்டறது. அத இரவல் குடுங்க. இதவிடப் பெரிய பெட்டியா ரெண்டு எடுத்து வைங்க. நான் போன் பண்ணினா எடுத்துட்டு வாங்க."

தெருவில் நடக்கும்போது நான் கேட்டேன். "பெட்டி சின்னதுங்கறீங்களா சித்தி?"

"பெட்டி வாங்கின அன்னிக்கு எவ்வளவோ, இன்னிக்கும் அவ்வளவுதான். அது எங்கடி சின்னதாகும்?"

அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. வழக்கு முடியப்போகிறது என்றால் சித்தி வேகமாக நடப்பாள். பின்னால் ஓடியே நான் பாதிச் செருப்பைத் தேய்த்திருக்கிறேன்.

*

எல்லோரையும் அனிமேட்டரின் அறைக்குக் கூப்பிட்டாள். தம்பி மட்டும் வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டான். தோளில் பை.

கம்ப்யூட்டரை முறையாக அணைத்து, அதற்கும் யூ.பி.எஸ்ஸுக்கும் நடுவில் மீட்டரைச் சொருகி, மறுபடி போட்டோம். திமிங்கிலம் வந்தது. மீட்டரில் எண்பதுக்கும் நூறுக்கும் நடுவில் ஒரு எண் ஆடியது.

"சோதிக்கும்போதெல்லாம் மெஷின் இழுத்தது இவ்வளவுதான்," என்றாள் சித்தி. "இப்ப தண்ணிய ஓட விடுங்கம்மா."

"இருங்க, முதல்ல சேமிச்சு," என்று வீட்டுக்காரர் ஆரம்பித்தார்.

"இப்ப யாரும் எதையும் பிடுங்கப் போறதில்ல சார்."

அனிமேட்டர் ஒரு பொத்தானை அழுத்தினார். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு கம்ப்யூட்டருக்குள் ஏதோ விழித்துக்கொண்டது. விசிறிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன. ரெக்கார்டரில் கேட்ட அதே ஊளை, இப்போது சுவருக்கு இந்தப் பக்கத்தில். கடிகாரம் காணாமல் போனது. பூனை சுகமாகக் காலை நீட்டியது.

மீட்டர் ஏறியது. முந்நூறு. நானூறு. தம்பி தன்னை அறியாமல் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தான். ஐந்நூறு. அறுநூறையும் தாண்டி, எழுநூறுக்குப் பக்கத்தில் போய் நின்று ஆடியது. சித்தி குனிந்து யூ.பி.எஸ். மேல் இருந்த கறுப்பு டேப்பை உரித்தாள். ஆரஞ்சு விளக்கு மினுக் மினுக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

"சுமை அதிகம்னு இது ஒரு மாசமா சொல்லிக்கிட்டு இருக்கு. கண்ணு வலிக்குதுன்னு வாயைக் கட்டிட்டீங்க."

"இது முந்நூத்தம்பதத் தாண்டவே தாண்டாதே," என்றான் தம்பி. "நான் ஒவ்வொண்ணா பாத்துதானே கூட்டினேன். அக்கா?"

சித்தி அனிமேட்டர் பக்கம் திரும்பினாள். சத்தத்துக்கு மேல் பேச வேண்டியிருந்ததால் அவள் கொஞ்சம் உரக்கவே கேட்டாள். "மடியில படுத்திருந்த பூனை ஒரு மாசமா மெஷினுக்குப் பின்னால படுக்குதுன்னா, அங்க மடியவிட அதிகமா சூடு வருது. போன மாசம் இதுக்குள்ள யாரும்மா புதுசா குடி வந்தது?"

அனிமேட்டர் பொத்தானை அழுத்தித் தண்ணீரை நிறுத்தினார். விசிறிகள் அடங்கின. அந்த அமைதியில்தான் அவரால் சொல்ல முடிந்தது.

"படம் வரையற கிராஃபிக்ஸ் கார்டு. பெருசு."

"எப்ப?" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க ரெண்டு பேரும் ஊருக்குப் போயிருந்தீங்களே, அன்னிக்கு. பழைய கார்டுல தண்ணி தண்ணி மாதிரியே இல்ல. பசை மாதிரி இருந்துச்சு. பாதி வேலையில மெஷினத் திறக்கவே கூடாதுன்னு ரெண்டு பேரும் சொல்லியிருந்தீங்க. நீங்க ரெண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். அதனால சொல்லல." பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: "மெஷினுக்குள்ள இருக்கற பவர் சப்ளையையும் அதுக்கு ஏத்ததா சேத்துத்தான் மாத்தினேன். அவ்வளவு விவரம் எனக்கு இருக்கு."

"மேசைக்கு மேல இருக்கறதுக்கு இருந்த விவரம், மேசைக்குக் கீழ இருக்கறதுக்கு இல்ல," என்றாள் சித்தி.

"ஆனா ஒவ்வொரு தடவையும் சோதிச்சமே. தாங்குச்சே. அதனாலதான் கார்டு மேல எனக்குச் சந்தேகமே வரல. சத்தியமா வரல."

"எப்படிச் சோதிச்சீங்க? அந்த அட்டையப் படிங்க சார்."

வீட்டுக்காரர் தன் கையெழுத்தைத் தானே படித்தார். "முதலில் சேமி. பிறகு மூடு." அதோடு நிறுத்திக்கொண்டார்.

"தலைச்சுமைய இறக்கி வச்சுட்டு, பாருங்க எவ்வளவு நல்லா நடக்கறான்னு கடைக்காரரையும் சேத்து மூணு பேரா நின்னு பாராட்டியிருக்கீங்க. கரண்ட் இருக்கற வரைக்கும் சுவர்ல இருந்து வர்றத பெட்டி சும்மா கடத்தி விடும். போனாத்தான் அது தானே தூக்கணும். நிஜமா போனப்பல்லாம் தலையில முழுச் சுமை. தாங்காம படுத்துடுச்சு. பிளக்கை யாரும் பிடுங்கல. குற்றவாளி இந்த வீட்டுல பத்திரமா இருந்ததுக்குக் காரணம், உங்க சட்டமே அவனுக்கு வக்கீலா நின்னதுதான்."

வீட்டுக்காரருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. விபத்துக்கு யார் பொறுப்பு என்று ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுக்கிறவர். பாவமாகத்தான் இருந்தது.

"ஆக, நான் வாங்கினது சரியான பெட்டி," என்றான் தம்பி.

"சரியான பெட்டிதான்டா," என்றார் அக்கா. "நான்தான் மெஷின மாத்திட்டேன்."

"சரி. அது தெரிஞ்சா போதும்." பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டான். "நிம்மதியா பஸ் ஏறுவேன்."

வழக்கு முடிந்ததும் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள் என்று நான் நினைத்திருந்தேன். நிரபராதி என்று தீர்ப்பு வந்த பிறகும் ஒரு ஆள் பையைக் கீழே வைக்காமல் நிற்க முடியும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. சித்திக்குத் தோன்றியிருந்தது. அவள் ஏற்கெனவே போனைக் காதில் வைத்திருந்தாள்.

*

கடைக்காரர் இரண்டு பெட்டிகளோடு மாடிப்படி ஏறி வருவது தெருமுனைவரை கேட்டிருக்கும். இரண்டையும் தரையில் வைத்துவிட்டு, தானும் ஒன்றின் மேல் உட்கார்ந்தார்.

"எத எடுத்துக்கறீங்க?"

எல்லோருடைய கண்ணும் ஒரே பக்கம் போனது. வீட்டுக்காரருடையதும்.

"என்ன ஏன் பாக்கறீங்க?" என்றான் தம்பி. "எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அவன் பையோடு இரண்டு அடி நடந்தான். நின்றான். திரும்பி வந்து, "அண்ணே, எழுந்திருங்க," என்று கடைக்காரரை எழுப்பி, பெட்டியைக் கவிழ்த்துச் சின்ன எழுத்தைப் படித்தான்.

"இது தொள்ளாயிரம். அது ஆயிரத்தி இருநூறு."

"தொள்ளாயிரமே போதுமே," என்றார் வீட்டுக்காரர். "எழுநூறுதானே காட்டுச்சு." அன்று அவர் தம்பியிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது.

"எழுநூறு சராசரி மாமா. இந்தக் கார்டுங்க நடுவுல நடுவுல ஒரு துள்ளு துள்ளும். திமிங்கிலம் மாதிரி. அதுக்கும் இடம் வேணும்." கடைக்காரரிடம் திரும்பினான். "கரண்ட் அலை எப்படி?"

"பெருசுல சுத்தமான அலை. சுவர்ல வர்ற மாதிரியே நெளிஞ்சு வரும். சின்னதுல படிப்படியா வெட்டி வரும். இந்த மாதிரி பவர் சப்ளைக்கு அது சில சமயம் ஒத்துக்காது."

"எவ்வளவு நேரம் தாங்கும்?" என்றேன் நான். கேட்ட பிறகுதான் கடைக்காரர் முகத்தைப் பார்த்தேன்.

"முழுச் சுமையோட அஞ்சாறு நிமிஷம்," என்றான் தம்பி. "இங்க கரண்ட் போய் வர்றதுக்கு அது ஏராளம். பெருசே இருக்கட்டும்."

பழைய பெட்டியைக் கழற்றிப் புதியதை மாட்டினான். அதற்காகப் பையைக் கீழே வைக்க வேண்டியிருந்தது. அனிமேட்டர் தண்ணீரை ஓடவிட்டார். ஊளை எழுந்தது. மீட்டர் எழுநூறில் போய் நின்றது. புதிய பெட்டியில் பச்சை விளக்கு.

"இப்ப சோதிக்கணும்," என்றாள் சித்தி. "ஓட ஓட."

அனிமேட்டரின் முகம் வெளுத்தது. அந்த அட்டை தொங்கிய நாளில் இருந்து வேலை ஓடும்போது அந்த ஒயரை யாரும் தொட்டதில்லை. அணைந்துவிட்டால் மறுபடி தொடங்க நேரமும் அதிகம் இல்லை. வீட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"நீங்க இல்ல," என்றார் அனிமேட்டர். தம்பியைப் பார்த்தார். "நீ பிடுங்குடா."

"நானா?"

"நீதான்."

"அணைஞ்சா?"

"அணைஞ்சா முதல்ல இருந்து ஓட்டறேன். பிடுங்கு."

அவன் வீட்டுக்காரரைப் பார்த்தான். வீட்டுக்காரர் ஒயர் கைக்கு எட்டும்படி நாற்காலியைத் தள்ளி வைத்தார். தம்பி குனிந்தான். பிளக்கைப் பிடித்தான். பிடுங்கினான்.

பீப்.

ஊளை நிற்கவில்லை. திரையில் கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. பீப். மீட்டர் எழுநூறிலேயே ஆடியது. பச்சை விளக்கு அசையவில்லை. அனிமேட்டர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். தம்பி பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டே அவரிடம் ஏதோ சொன்னான். விசிறிச் சத்தத்தில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கும் கேட்கவில்லை.

"என்னடா?"

மறுபடி சொன்னான். அவர் காதைக் கிட்டே கொண்டுபோக, அவன் எங்களுக்கும் கேட்கும்படி கத்தினான்.

"சாப்பிட ஏதாவது இருக்கான்னு கேட்டேன்."

பஸ்ஸுக்கு நேரமாகவில்லையா என்று கேட்க நான் வாயைத் திறந்தேன். சித்தி என் காலை நன்றாக மிதித்தாள். வீட்டுக்காரர் அதற்குள் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.